காலும் சலங்கையும்

“பிரபல நடிகர் கிளாப் அடித்துப் படப்பிடிப்பைத் தொடங்கி வைத்தார்” என்று நாளிதழ்களில் நாம் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். பூசை போட்டு, தேங்காய் உடைத்து, வந்திருக்கும் பெரிய மனிதர் கையில் அந்தக் கறுப்பு வெள்ளைப் பலகையைக் கொடுத்து, ‘டப்’ என்று தட்டச் சொல்லிப் புகைப்படமும் எடுத்துக்கொள்கிறார்கள். குத்துவிளக்கு ஏற்றுவது போல அதுவும் ஒரு சடங்கு என்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அது சடங்கு அன்று. அந்த ஒரு தட்டு விழாமற்போனால் என்னென்ன அல்லல் வரும் என்பதைச் சென்ற ஆண்டு நம் கல்லூரி முத்தமிழ் விழாவுக்குப் பின் ஐந்து வாரம் தூக்கம் கெட்டுத் தெரிந்துகொண்டேன். பல காமிராக்களில் எடுத்த ஒரே நிகழ்ச்சியைக் கணிப்பொறியில் ஒன்றோடொன்று பொருத்துவது எப்படி என்பதை, பட்டறிந்த ஒருவன் என்ற முறையில் இங்கே சொல்ல முயல்கிறேன்.

விழாவின் இரண்டாம் நாள் மாலை திறந்தவெளி அரங்கில் ‘கர்ண மோட்சம்’ தெருக்கூத்து நடந்தது நண்பர்களுக்கு நினைவிருக்கும். விடிய விடிய ஆடவேண்டிய கூத்தை ஒரு மணி பத்து நிமிடத்துக்குள் சுருக்கித் தருமாறு நாம் கேட்டதே ஒரு பிழை. அதற்குத் தனிக் கட்டுரைதான் எழுதவேண்டும். எப்படியோ, அதைப் படமாக்கித் தமிழ்த்துறையில் நிலையாக வைப்பது என்று முடிவாயிற்று. வாடகைக்கு எடுத்த வீடியோ காமிரா ஒன்று, கூட்டத்துக்குப் பின்னால் முக்காலியில் நின்றது. என் செல்பேசியை மேடை ஓரத்தில், கர்ணன் வேடமிட்ட கூத்து வாத்தியாரின் காலடவு தெரியும்படி வைத்தேன். நண்பன் ஒருவன் மாடி வராந்தாவிலிருந்து தன் செல்பேசியில் எடுத்தான். இவை போதாவென்று, மிருதங்கமும் ஆர்மோனியமும் முகவீணையும் இருந்த பெஞ்சின் மேல் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கருவியும் வைத்தோம். ஆளுக்கொரு நேரத்தில் பொத்தானை அமுக்கினோம். யாரும் எதையும் தட்டவில்லை.

மூன்று படத்தையும் ஒலியையும் கணிப்பொறியில் சேர்த்து, பத்து நாளில் ஒரு படத்தை உருவாக்கிவிட்டேன். பெருமை தாங்கவில்லை. வாத்தியாரை அழைத்துவந்து துறை அறையில் போட்டுக் காட்டினோம். முதல் பத்து நிமிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அரைமணி தாண்டியதும் பெஞ்சில் தாளம் போட்டுக்கொண்டிருந்த அவர் விரல் நின்றது. முடியும்வரை பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“தம்பி, பாட்டு நல்லா விழுந்திருக்கு. ஆனா கால் தரையில படறதுக்கு முன்னாடியே சலங்கை பேசுதே, அது எப்படி?”

“அது... கணிப்பொறியில ஏதோ சின்னக் கோளாறு ஐயா” என்றேன்.

“கம்ப்யூட்டர் கோளாறுன்னு உனக்குத் தெரியும். பார்க்கிறவனுக்குத் தெரியுமா? கெழவனுக்குத் தாளம் போயிடிச்சின்னுதானே சொல்லுவான்?”

கோபமாகச் சொல்லவில்லை. நாற்பது ஆண்டு தாளம் பிசகாமல் ஆடிய கால் அது. அவர் ஆடி முறையாகப் பதிவான படம் வேறு ஏதும் இல்லை என்றும் அன்றுதான் அறிந்தேன். நாளை ஒரு மாணவன் இந்தப் படத்தைப் பார்த்து அவரை எடைபோடுவான். அந்த எண்ணந்தான் என்னை மறுபடியும் கணிப்பொறி முன் உட்காரவைத்தது.

முதலில், இந்தச் சிக்கல் ஏன் வருகிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு காமிராவும் தனக்கென ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு நடக்கிறது. பொத்தானை அமுக்கிய கணந்தான் அதற்குச் சுழியம். என் செல்பேசிக்கு நான்காம் நிமிடமாக இருப்பது மாடியிலிருந்த செல்பேசிக்கு ஒன்றரை நிமிடமாக இருக்கலாம். மூன்றிலும் ‘ஒரே கணம்’ எது என்று கண்டுபிடித்து அவற்றை ஒரே கோட்டில் நிறுத்தவேண்டும். நம் நாட்டு வழக்கப்படி வீடியோவில் வினாடிக்கு 25 படங்கள். ஒவ்வொரு படத்தையும் பிரேம் என்கிறோம். ஒரு பிரேம் என்பது ஒரு வினாடியின் ஆயிரத்தில் 40 பங்கு. இரண்டு மூன்று பிரேம் பிசகினாலே அடவைப் பழகிய கண் கண்டுபிடித்துவிடும்.

இங்கேதான் கிளாப் பலகை வருகிறது. பலகை மேல் கட்டை படும் கணத்தைக் கண் ஒரே ஒரு பிரேமில் காண்கிறது. காது ஒரே ஒரு ‘டப்’பாகக் கேட்கிறது. அந்தப் பிரேமையும் அந்த ஒலியையும் நேர் நேராக வைத்துவிட்டால் அதற்குப் பின் வருவதெல்லாம் தானாகப் பொருந்தும். காமிரா மூன்றானாலும் முப்பதானாலும் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது, எல்லாவற்றுக்கும் தெரியும்படி ஒரே ஒரு தட்டு போதும். பலகை இல்லாவிட்டால் இரண்டு கைகள் இருக்கின்றன.

பல காமிராக்களை ஒரே நேரத்தில் ஓடவிடுவது புதிய பழக்கம் அன்று. பேசும்படம் தோன்றிய 1920களின் இறுதியில், ஒலியை இசைத்தட்டில் பதித்தவர்களுக்கு அதைத் துண்டாக்கி ஒட்ட வழியில்லை. ஆகவே காட்சியை நிறுத்தாமல் நடிக்கவைத்து, பல காமிராக்களில் எடுத்துக்கொண்டார்கள். பின்னர் 1951இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘ஐ லவ் லூசி’ என்ற நகைச்சுவைத் தொடர் வந்தது. பார்வையாளர்களை முன்னால் உட்காரவைத்து, மூன்று 35 மில்லிமீட்டர் பிலிம் காமிராக்கள் ஒரே நேரத்தில் ஓட, அதைப் படமாக்கினார்கள். ஒளிப்பதிவு கார்ல் பிராயிண்டு. ‘மெட்ரோபொலிஸ்’ என்ற புகழ்பெற்ற ஜெர்மானிய ஊமைப்படத்தின் ஒளிப்பதிவாளர்களில் ஒருவர். அந்தத் தொடரைத் தொகுக்க, மூன்று படச்சுருளும் ஒரு ஒலிச்சுருளும் ஒன்றாக ஓடும் தனி மூவியோலா இயந்திரமே செய்யப்பட்டது. இன்று கணிப்பொறித் திரையில் மூன்று நான்கு சிறு கட்டங்களில் எல்லாக் காமிராக்களும் ஓட, வேண்டியதைத் தொட்டுத் தேர்ந்தெடுக்கிறோமே, அதன் பாட்டன் அந்த இயந்திரந்தான்.

தட்டாமல் விட்டவர்கள் பட்ட பாட்டுக்கும் சான்று உண்டு. 1972ஆம் ஆண்டு சனவரி 13, 14 ஆகிய இரண்டு இரவுகளில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில், அரீதா பிராங்ளின் என்ற மாபெரும் பாடகி தம் இளமையில் தந்தையின் தேவாலயத்தில் பாடிப் பழகிய பக்திப் பாடல்களைப் பாடினார். பின்னால் ஒரு பெரிய பாடகர் குழு. ஒலிப்பதிவு அதே ஆண்டில் ‘அமேசிங் கிரேஸ்’ என்ற இசைத்தட்டாக வெளிவந்து பல லட்சம் விற்றது. அந்த இரண்டு இரவுகளையும் படமாக்கியவர் சிட்னி போலாக். கதைப்படங்களில் பெயர் பெற்ற இயக்குநர். ஆஸ்கார் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். பல 16 மில்லிமீட்டர் காமிராக்கள். ஏறக்குறைய 20 மணி நேரப் படம். ஆனால் கிளாப் அடிக்கவில்லை!

இதன் கொடுமை முழுதாகப் புரியவேண்டுமானால் பிலிமைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 400 அடி கொண்ட 16 மில்லிமீட்டர் சுருள் ஏறக்குறைய 11 நிமிடத்தில் தீர்ந்துபோகும். ஒவ்வொரு காமிராக்காரரும் சுருளை மாற்றுவார். இடையிடையே நிறுத்தி நிறுத்தியும் எடுப்பார். ஆகவே கிடைப்பவை மூன்று நான்கு நீண்ட படங்கள் அல்ல. எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று தெரியாத எத்தனையோ துண்டுகள். ஒவ்வொன்றும் ஊமை. பாடுகிற வாய் தெரிகிறது. எந்தப் பாட்டின் எந்த அடி என்று தெரியவில்லை. பாடகர் குழுவை நடத்தியவரையே அழைத்து உதட்டசைவைப் படிக்கவைத்தும் பார்த்தார்கள். பயனில்லை. படம் பெட்டியில் போய்விட்டது. 2007இல் ஆலன் எலியட் என்ற தயாரிப்பாளர் உரிமையை வாங்கி, கணிப்பொறி நுட்பத்தின் துணையோடு துண்டு துண்டாகப் பொருத்தி முடித்தார். பின்னர் பாடகியே வழக்குத் தொடுத்துத் திரையிடலைத் தடுத்தது வேறு கதை. 2018 ஆகஸ்டில் அவர் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் படம் முதன்முறையாகப் பொதுமக்கள் முன் திரையிடப்பட்டது. 46 ஆண்டுகள்! போலாக் அதைக் காணவில்லை, 2008இலேயே காலமாகிவிட்டார்.

இதைப் படித்தபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அவ்வளவு பெரியவர்களுக்கே நேர்ந்தது.

அவர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு. அந்தக் காமிராக்களில் பதிந்தது படம் மட்டுமே. இன்றைய வீடியோ காமிராவும் செல்பேசியும் படத்தோடு ஒலியையும் பதிகின்றன. அந்த ஒலி இரைச்சலாக இருக்கலாம். பக்கத்தில் இருப்பவர் இருமியதெல்லாம் கேட்கலாம். ஆயினும் மூன்று கருவிகளும் கேட்டது ஒரே மிருதங்கத்தைத்தானே? ஆகவே படத்தை விட்டுவிட்டு, ஒலியை ஒலியோடு பொருத்தினால், படம் தானே பின்தொடரும். கேடென்லைவ் என்ற இலவச மென்பொருளிலும், டாவின்சி ரிசால்வ் முதலியவற்றிலும் இந்த வசதி இருக்கிறது. ஒன்றை மூலம் என்று குறித்துவிட்டு மற்றவற்றை அதனோடு பொருத்து என்றால், சிறிது நேரத்தில் பொருத்திக் காட்டிவிடுகிறது.

அது எப்படிச் செய்கிறது? நம் வீட்டுப் பெண்கள் கிழிந்த சேலையில் ஒட்டுப்போடும்போது பார்த்திருப்பீர்கள். ஒரு கரையின் மேல் இன்னொரு துண்டின் கரையை வைத்து, மெல்ல நகர்த்திக்கொண்டே வருவார்கள். மாங்காயின் மேல் மாங்காயும் கொடியின் மேல் கொடியும் விழுந்த இடத்தில் கை நின்றுவிடும். கணிப்பொறியும் இதையே செய்கிறது. ஒலி அதற்கு எண்களின் வரிசை. வினாடிக்கு 48,000 எண்கள். ஒரு வரிசையை இன்னொன்றின் மேல் வைத்து, நேருக்கு நேர் வரும் எண்களைப் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுகிறது. மேடு மேட்டின் மேலும் பள்ளம் பள்ளத்தின் மேலும் விழுந்தால் கூட்டுத்தொகை பெரிதாகும். தாறுமாறாக விழுந்தால் கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று தின்று தொகை சிறுக்கும். பிறகு ஓர் எண் தள்ளி வைத்து மீண்டும் பெருக்கிக் கூட்டுகிறது. தொகை மிகப் பெரிதாக வந்த இடமே பொருத்தம். கணிதத் துறை நண்பர்கள் இதைக் குறுக்கு ஒட்டுறவு என்பார்கள்.

சொல்வது எளிது. எங்கள் கூத்து 70 நிமிடம். எண்கள் 20 கோடியே 16 லட்சம். எல்லா இடத்திலும் வைத்துப் பெருக்குவதென்றால் ஏறக்குறைய 400 கோடி கோடிப் பெருக்கல்கள். 1965இல் கூலி, டூக்கி என்ற இருவர் வெளியிட்ட விரைவு பூரியர் மாற்ற முறைதான் இதைப் பல்லாயிரம் மடங்கு சுருக்கிக் கொடுத்தது. தேர்வுக்காக நெட்டுருப் போட்ட பூரியர் இப்படிக் கூத்து மேடையில் வந்து நிற்பார் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் எந்திரம் ஏமாறும் இடமும் உண்டு. மாடியில் எடுத்த படத்தை அது முழுதாக ஓர் ஆவர்த்தனம் தள்ளிப் பொருத்தியிருந்தது. காற்றின் இரைச்சலில் பாட்டு அமுங்கி மிருதங்கம் மட்டுமே அதற்குக் கேட்டிருக்கிறது. தாளமோ சுற்றிச் சுற்றி வருவது. சேலைக் கரையில் எல்லா மாங்காயும் ஒன்றுபோல் இருந்தால் எந்த மாங்காய் மேல் எதை வைப்பது? காலடவு தாளத்தோடு அழகாகவே விழுந்தது. ஆனால் கட்டியக்காரன் பேசி முடித்த பிறகு அவன் வாய் அசைந்தது. தாளம் நிற்கிற இடத்தில், வசனம் வரும் பகுதியை மட்டும் வெட்டிக் கொடுத்துப் பொருத்தச் சொன்னதும் சரியாயிற்று. வசனம் ஒரே மாதிரி இரண்டு முறை வருவதில்லையல்லவா?

இனி, வாத்தியார் கண்டுபிடித்த பிழைக்கு வருகிறேன். முதல் பத்து நிமிடம் சரியாக இருந்த படம் அரைமணிக்குப் பிறகு ஏன் பிசகிற்று? தொடக்கத்தை மட்டும் சரிபார்த்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். எல்லோரும் செய்யும் தவறு இதுவே என்று பின்னர் அறிந்தேன். கருவிகளின் கடிகாரங்கள் வெவ்வேறு நேரத்தில் தொடங்குவது மட்டுமல்ல, வெவ்வேறு வேகத்தில் ஓடவும் செய்கின்றன! எல்லாவற்றுக்குள்ளும் ஒரு சிறு குவார்ட்சு படிகந்தான் துடித்துக்கொண்டிருக்கிறது. எந்த இரண்டு படிகமும் முற்றும் ஒன்றுபோல் துடிப்பதில்லை. வெப்பம் மாறினாலும் சிறிது மாறும். மாதத்துக்கு 15 வினாடி தவறும் கைக்கடிகாரத்தை நாம் நல்ல கடிகாரம் என்போம். அதுவே பத்து லட்சத்தில் சுமார் 6 பங்குப் பிழை. எங்கள் ஒலிக்கருவிக்கும் என் செல்பேசிக்கும் இடையே இருந்த வேறுபாடு பத்து லட்சத்தில் ஏறக்குறைய 67 பங்கு. அதாவது நாளொன்றுக்கு 6 வினாடி தவறும் கடிகாரம். 70 நிமிடத்தில் அது 7 பிரேம் ஆயிற்று. படம் ஒலியைவிட நீண்டுவிட்டதால், போகப் போகக் கால் பின்தங்கியது; சலங்கை முந்திக்கொண்டது.

இதற்கு மேல் செல்பேசிக்கென்றே ஒரு குணம் உண்டு. வினாடிக்கு 30 பிரேம் என்று அது சொன்னாலும், வெளிச்சத்துக்கும் வேலைப் பளுவுக்கும் ஏற்பச் சற்றுக் கூட்டியும் குறைத்தும் எடுக்கும். தொகுப்பு மென்பொருள் சீரான பிரேம்களை எதிர்பார்ப்பது. ஆகவே செல்பேசிப் படத்தை முதலில் ஹேண்ட்பிரேக் போன்ற ஒரு மென்பொருளில் போட்டுச் சீரான 25க்கு மாற்றிக்கொண்டு, அதன் பிறகே பொருத்தத் தொடங்கவேண்டும். இந்த ஒரு வரியை யாராவது முன்பே எனக்குச் சொல்லியிருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

சீரான பிறகும் அந்த 7 பிரேம் இருந்தது. படத்தின் வேகத்தைச் சிறிது கூட்டினால் தீருமே என்று கணக்குப் போட்டேன். 70 நிமிடத்துக்கு 1,05,000 பிரேம். அதில் 7 குறையவேண்டுமானால் வேகம் 100.0067 விழுக்காடு. நான் பயன்படுத்திய மென்பொருளில் இரண்டு தசம இலக்கம் வரைதான் குறிக்க முடிந்தது. 100.01 என்று கொடுத்தால் 7க்குப் பதில் பத்தரைப் பிரேம் குறைந்து, இப்போது கால் முந்தும்! பிறகு கண்ட வழி மிக எளியது. படத்தைப் பத்து நிமிடத்துக்கு ஓரிடத்தில் வெட்டி, மீதியை ஒரே ஒரு பிரேம் முன்னே தள்ளினேன். அந்த வெட்டு, திரையில் வேறு காமிரா தெரியும் நேரத்தில் வரும்படி பார்த்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது. ஏழு வெட்டு, ஏழு பிரேம்.

ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு சரிதானா என்று எதைக்கொண்டு சோதிப்பது? கிளாப்தான் அடிக்கவில்லையே! இந்த இடத்தில்தான் எனக்கு வெளிச்சம் உண்டாயிற்று. சலங்கை வாத்தியாரின் காலில் கட்டியிருப்பது. கால் தரையில் ஓங்கி விழும் கணமும் சலங்கை அதிரும் கணமும் ஒன்றே. அவரே நினைத்தாலும் பிரிக்க முடியாது. அப்படியானால் அவர் வைத்த ஒவ்வோர் அடியும் ஒரு கிளாப் அல்லவா? 70 நிமிடமும் அவர் எனக்காகத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார், நான்தான் பார்க்கவில்லை. பத்து நிமிடத்துக்கு ஓர் உரத்த அடியைத் தேர்ந்தெடுத்து, கால் படும் பிரேமையும் ஒலி எழும்பும் முனையையும் நேராக்கினேன்.

இப்படிச் சரிபார்த்தபோது இன்னொன்றும் அகப்பட்டது. பின்னால் நின்ற பெரிய காமிராவின் படத்தில் கால் இரண்டு பிரேம் முன்னதாகவே விழுந்தது. தொடக்கத்திலும் இரண்டு, இறுதியிலும் இரண்டு. எனவே இது கடிகாரக் கோளாறு அன்று. காமிராவுக்கும் மேடைக்கும் இடையே தூரம் 30 மீட்டர். அன்று மாலை வெப்பம் சுமார் 30 பாகை; அந்த வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் செல்லும். ஒளி கணத்தில் வந்துவிடுகிறது. ஒலி வந்துசேர வினாடியின் ஆயிரத்தில் 86 பங்கு ஆகிறது. இரண்டு பிரேம்! அந்தக் காமிரா கேட்டதே தாமதமான ஒலி. அந்த ஒலியை மேடை ஒலியோடு பொருத்தியதால் படம் முன்னால் இழுபட்டுவிட்டது. படத்தை இரண்டு பிரேம் பின்னே தள்ளியதும் சரியாயிற்று. மாடிப் படத்துக்கு ஒரு பிரேம். ஒத்ததிர்வுக் குழாய்ச் சோதனையில் ஒலியின் வேகத்தைக் கண்டுபிடித்துப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமும் வாங்கிய இயற்பியல் மாணவன் நான். இது எனக்கு முதலிலேயே தோன்றியிருக்கவேண்டும்.

இந்த இரண்டு பிரேமை வாத்தியார் கூடக் குறை சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். அவர் கண்டது சலங்கை முந்தியதை மட்டுமே. இதற்கும் காரணம் இருக்கிறது. குளத்தின் அக்கரையில் ஒருவர் துணி துவைப்பதைப் பார்க்கிறோம். துணி கல்லில் பட்ட பிறகே ஓசை வருகிறது. இடியும் மின்னலுக்குப் பின்னரே கேட்கிறது. ஒலி பிந்துவது இயற்கை. நம் மூளை அதை மன்னித்துவிடுகிறது. ஒலி முந்துவது உலகில் நடக்காத ஒன்று. ஆகவே உடனே உறுத்துகிறது. 1998இல் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வெளியிட்ட பரிந்துரையில் இதற்கு அளவே கொடுத்திருக்கிறார்கள். ஒலி சுமார் 45 மில்லிவினாடி முந்தினாலே பார்ப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது; பிந்தினால் 125 வரை தெரிவதில்லை. எனவே ஐயம் வந்தால் ஒலி சற்றுப் பிந்தும்படி விடுவதே மேல்.

தொழில்முறையாளர்கள் இந்தத் தொல்லைகளுக்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். எல்லாக் காமிராக்களுக்கும் ஒரே கடிகாரத்திலிருந்து நேரத்தை ஊட்டி, ஒவ்வொரு பிரேமுக்கும் மணி, நிமிடம், வினாடி, பிரேம் என்று ஓர் எண் பதித்துவிடுவார்கள். டைம்கோடு என்று பெயர்; 1960களின் இறுதியில் அமெரிக்காவில் உருவானது. எண்ணும் எண்ணும் ஒத்த இடமே பொருத்தம். காதுக்கு வேலை இல்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1953இல் அமெரிக்கர்கள் வண்ணத் தொலைக்காட்சிக்காக வினாடிக்கு 30 பிரேம் என்பதை 29.97 ஆக்கினார்கள். அதனால் 30 என்று எண்ணிக்கொண்டே போனால் ஒரு மணிக்கு 108 எண் பிசகும். இதைச் சரிக்கட்ட ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் இரண்டு எண்களை விட்டுவிடுகிறார்கள். பத்தாவது, இருபதாவது என்று வரும் நிமிடங்களில் மட்டும் விடுவதில்லை. படம் எதுவும் தொலைவதில்லை, எண்ணைத்தான் தாண்டுகிறார்கள். நமது 25க்கு இந்தத் தலைவலி இல்லை.

நம் போன்றவர்களுக்கு டைம்கோடு கருவி கட்டுபடியாகாது. எல்லாக் காமிராக்களும் ஓடத் தொடங்கியதும் மேடை நடுவில் நின்று ஒருவர் ஓங்கி ஒருமுறை கைதட்டட்டும். நிகழ்ச்சி முடிந்து காமிராக்களை நிறுத்துமுன் இன்னொரு முறை தட்டட்டும். முதல் தட்டு இடத்தைக் காட்டும். இரண்டாம் தட்டு கடிகாரம் எவ்வளவு ஓடிவிட்டது என்று காட்டும். இடையில் யாரும் காமிராவை நிறுத்தக்கூடாது. அழைப்பு வந்து பதிவு அறுபடாதபடி செல்பேசியை விமான நிலைக்கு மாற்றிவிட வேண்டும். மாடியில் நின்ற நண்பனுக்கு அன்று இரண்டு அழைப்புகள் வந்தன. அவன் படம் மூன்று துண்டு.

ஐந்து வாரம் கழித்து வாத்தியாரை மீண்டும் அழைத்தோம். இந்த முறை விரல் நிற்கவில்லை. ஆனால் அம்பு பட்ட கர்ணன் தேர்க்காலில் சாயுமுன் ஆடும் அடவு வந்தபோது எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அங்கே ஓரடி பிசகுவதை நான் முன்பே பார்த்திருந்தேன். கடிகாரந்தான் மறுபடி ஓடிவிட்டதோ என்று மூன்று காமிராவிலும் சோதித்தேன். காலும் சலங்கையும் மூன்றிலும் ஒன்றாகவே இருந்தன. மிருதங்கந்தான் நான்கு பிரேம் முன்னால் இருந்தது. இது எந்திரத்தின் பிழை அன்று என்று தெரிந்துகொண்டேன். அவரிடம் எப்படிச் சொல்வது?

நான் வாய் திறக்குமுன் அவரே சொன்னார். “இங்க முட்டி புடிச்சிக்கிச்சு தம்பி. ஒரு அடி பின்னுக்குப் போச்சு.”

“அந்த இடத்துல மாடியில எடுத்ததைப் போட்டுடலாமா ஐயா? தூரத்துல இருந்து பார்த்தா கால் தெரியாது” என்றேன்.

“வேணாம், இருக்கட்டும். இது நான் பண்ண தப்பு. போன தடவை நீ காட்டினது நான் பண்ணாதது.”

பிறகு அந்த அடவை மட்டும் இன்னொரு முறை போடச் சொல்லிப் பார்த்தார். படம் தமிழ்த்துறைக் கணிப்பொறியில் இருக்கிறது. துறைத்தலைவரிடம் கேட்டு எவரும் பார்க்கலாம்.